விண்ணப்பிக்க விண்ணப்பிக்கக் குறையும் எண்

என் மகளின் கைப்பேசி பகல் முழுவதும் ஒரு தகரப் பெட்டிக்குள் கிடக்கும். அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில், அவள் வேலை பார்க்கும் உதிரிபாகத் தொழிற்சாலையில் கேட்டிலேயே போனைக் கொடுத்துவிட்டு ஒரு டோக்கன் வாங்கிக்கொள்ள வேண்டும். தரப் பரிசோதனைப் பிரிவில் சூப்பர்வைசர் என்றாலும் விதி ஒன்றுதான். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் மூக்கண்டப்பள்ளிக்குத் திரும்பும்போதுதான் அவளுக்கு உலகத்தோடு தொடர்பு. அதனால், வீட்டுக் கடன் விண்ணப்பத்தில் தொடர்பு எண் கேட்ட கட்டத்தில் என் எண்ணை எழுதினேன். வங்கியில் இருந்து கூப்பிட்டால் யாராவது எடுக்க வேண்டுமே. ஓய்வூதியக்காரனின் போன் எப்போதும் கையில்தான் இருக்கும். வேறு வேலை என்ன?

பின்னால் நடந்த அத்தனைக்கும் அந்தக் கட்டம்தான் வாசல்.

நான் வணிகவரித் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். சர்வீஸில் பெரும்பகுதி ஜூஜுவாடி எல்லைச் சோதனைச் சாவடியில் கழிந்தது. இரு மாநிலத்துக்கும் நடுவே மூங்கில் கழியைப் போட்டு, லாரிகளை வரிசையில் நிறுத்தி, எந்தத் தாளில் எந்த முத்திரை இல்லை என்று கண்டுபிடிப்பது என் தொழில். நன்றாகவே செய்தேன். பிறகு புதிய வரி வந்தது, சாவடியை மூடினார்கள், கழி காணாமல் போனது. இப்போது அந்த இடத்தில் லாரிகள் வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை. சரக்குக்கு எல்லை இல்லாமல் போய்விட்டது. சம்பளத்துக்கு மட்டும் இன்னும் இருக்கிறது என்பதை என் மகளுக்குக் கடன் வாங்கப் போனபோது தெரிந்துகொண்டேன்.

வாங்க நினைத்தது பெரிய வீடு அல்ல. நாங்கள் மூவரும், அதாவது நானும் என் மனைவியும் மகளும், வாடகைக்கு இருக்கும் அதே வீடு. ஒரு ஹால், இரண்டு சின்ன அறை, பின்னால் துவைக்கிற கல், காம்பவுண்டை ஒட்டி ஒரு சப்போட்டா மரம். வீட்டுக்காரர் இந்தப் பக்கத்துப் பழைய விவசாயி. தொழிற்பேட்டைக்குப் போனது போக மிச்ச நிலம் கெலவரப்பள்ளி அணைக்கட்டுப் பக்கம் இருக்கிறது. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், எங்களிடம் தமிழ். மகள் கல்யாணத்தைத் தையில் வைத்திருந்தார். அதற்காக இந்த வீட்டை விற்கப் போவதாகவும், எங்களுக்கு வேண்டுமென்றால் முதலில் எங்களுக்கே என்றும் ஆவணியில் சொன்னார். நாங்கள் வேண்டாம் என்றால் ஒரு லேபர் கான்ட்ராக்டர் தயாராக நின்றார். அவர் வாங்கினால் ஹாலில் பத்துப் பேர், அறைக்கு ஆறு பேர் என்று ஆட்களைப் படுக்க வைத்துவிடுவார். தெருவில் பாதி வீடு அப்படித்தான் ஆகிவிட்டது.

என் மகளுக்கு அந்த வீடு ஏன் வேண்டும் என்பதைச் சொல்லிவிட வேண்டும். அவளுடைய திருமணம் நான்கு வருடத்தில் முடிந்துபோனது. அதன் பிறகு ஓசூரில் அவள் வாடகைக்கு ஏறி இறங்கிய வீடுகள் எத்தனையோ. ஒவ்வொரு வாசலிலும் ஒரே கேள்வி. "வீட்டுக்காரர் எங்க வேலை செய்யறார்?" உண்மையைச் சொன்னால், "யோசிச்சுச் சொல்றோம்மா." ஒரு இடத்தில் முன்பணத்தைக்கூடத் திருப்பிக் கொடுத்தார்கள். நானும் என் மனைவியும் மத்தூரில் இருந்து கிளம்பி அவளோடு வந்து சேர்ந்ததே அந்தக் கேள்விக்குப் பதிலாக இருக்கத்தான். அறுபது வயதுக்கு மேல் நான் பார்த்த ஒரே வேலை, வீடு பார்க்கும்போது ஆண் துணையாகக் கூட நிற்பது.

"எம்பேர்ல ஒரு கதவு வேணும்பா. அதத் தட்டிட்டு எவனும் எதுவும் கேக்கக் கூடாது" என்று அவள் சொன்னாள். நான் தலையாட்டினேன். மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வேறு சொன்னேன். அதுதான் வினை.

அவளுடைய கிரெடிட் ஸ்கோர் அப்போது எழுநூற்று அறுபது சொச்சம். ஒரு ஸ்கூட்டர் கடனை ஒழுங்காகக் கட்டி முடித்திருந்தாள். ஒரு கிரெடிட் கார்டு, அதிலும் பாக்கி வைத்ததில்லை. நல்ல எண் என்றார்கள். இந்த எண்ணை யார் போடுகிறார்கள், எப்படிப் போடுகிறார்கள் என்று விசாரித்தேன். ஒரு தனியார் கம்பெனி. நாம் அவர்களிடம் போய் எங்களைக் கணக்கெடுங்கள் என்று எழுதிக் கொடுத்ததில்லை. அவர்களும் நம் வீட்டுக்கு வந்ததில்லை. கணக்குப் போடும் விதம் தொழில் ரகசியம். என் சர்வீஸில் ஒருவர் மேல் வரி போட்டால், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, யாரிடம் மேல்முறையீடு, எத்தனை நாளுக்குள் என்று உத்தரவின் அடியிலேயே அச்சடித்துக் கொடுப்போம். இல்லாவிட்டால் அந்த உத்தரவு செல்லாது. இங்கே வெறும் எண். அடியில் ஒன்றும் இல்லை.

முதலில் அவள் சம்பளக் கணக்கு இருக்கும் வங்கிக்குப் போனேன். அத்திப்பள்ளிக் கிளை. மேலாளர் நல்ல மனிதர். விண்ணப்பத்தை வாங்கிக் கணினியில் ஏற்றி, ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்து, மகிழ்ச்சியோடு தலையை ஆட்டினார். ஒரு வாரம் கழித்து அவரே கூப்பிட்டார்.

"சார், சேலரி நம்ம ஹத்ரதான், நம்ம பிராஞ்சுக்குத்தான் வருது, தும்பா சந்தோஷம். ஆனா வீடு ஹொசூர்ல இருக்கு. அது தமிழ்நாடு. எங்க லிமிட் இந்தப் பக்கம் மட்டும்தான்."

"இங்கேருந்து ஆட்டோவில் வந்துவிடலாமே?"

"ஆட்டோ வரும் சார். லோன் வராது."

நான் சாவடியில் இருந்த காலத்தில் இதே தொனியில்தான் பேசியிருப்பேன். அதனால் கோபிக்க முடியவில்லை.

அடுத்து ஓசூரில் வேறு ஒரு வங்கி. அங்கே கடன் பிரிவில் திருநெல்வேலிப் பக்கத்துப் பெண் ஒருத்தி. வயது முப்பதுக்குள். வேகமாகப் பேசுவாள், அதைவிட வேகமாகத் தட்டச்சு செய்வாள்.

"வீடு இங்கன, சம்பளம் அங்கன. அதான சார் சிக்கல்? உங்க மக கம்பெனி எங்க லிஸ்ட்ல இல்ல. கர்நாடகா ஆஃபீஸ்ல இருந்து ஆள் போயி கம்பெனியப் பாத்து எழுதணும். கொஞ்சம் நாளாகும். பொறுத்துக்கிடுங்க, என்ன?"

"எத்தனை நாள்?"

"அது சொல்ல முடியாது சார். ஆனா வந்துரும். நீங்க சும்மா இருங்க, நான் பாத்துக்கிடுதேன்."

சும்மா இருங்க. அந்த இரண்டு வார்த்தையை அவள் தெளிவாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் அது காதில் ஏறவில்லை. முப்பது வருடம் அரசு அலுவலகத்தில் இருந்தவனுக்குச் சும்மா இருப்பது என்றால் கோப்பு அடியில் போய்விட்டது என்று அர்த்தம். ஒரு கோப்பு நகர வேண்டுமென்றால் நினைவூட்டு அனுப்ப வேண்டும். அதற்கும் பதில் இல்லையென்றால் இரண்டாம் நினைவூட்டு. பிறகு நேர்முகக் கடிதம். அதன் நகல் மேலிடத்துக்கு, அதன் நகல் அவருக்கும் மேலிடத்துக்கு. எல்லாத் திசையில் இருந்தும் தட்டினால் ஏதாவது ஒரு கதவு திறக்கும். நான் வாங்கிய பதவி உயர்வுகள் எல்லாம் அப்படி வந்தவை. என் ஓய்வூதியமே மூன்று நினைவூட்டுக்குப் பிறகுதான் வந்தது.

ஆகவே தட்டினேன். பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு வங்கியில் ஒரு விண்ணப்பம். கிருஷ்ணகிரிக்குப் போய் ஒரு வீட்டுக் கடன் நிறுவனத்தில் ஒன்று. அங்கே காபி கொடுத்தார்கள். பாகலூர் சாலையில் புதிதாகத் திறந்த இன்னொன்றில் ஒன்று. எல்லாவற்றிலும் மகளின் கையெழுத்து வேண்டும் என்பதால், ஷிஃப்ட் முடிந்து களைத்து வருகிறவளிடம் தட்டில் சோற்றைப் போடும்போதே தாளையும் நீட்டினேன். அவள் ஒரு கையால் பிசைந்துகொண்டே மறுகையால் கையெழுத்துப் போட்டாள். "இன்னும் ஒண்ணாப்பா?" என்று மட்டும் கேட்டாள். மேலதிகாரியிடம் கோப்பு வைப்பது போல, "எல்லாம் ஒரே விஷயம்தான், நகல்" என்றேன். அப்படித்தான் நானும் நம்பினேன்.

கடைசியாக ஒரு இணையதளம். ஒரே படிவம், பல வங்கிகள் என்று விளம்பரம். என்னைப் போன்றவனுக்கென்றே செய்தது. காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து நிரப்பினேன். என் போனுக்கு வந்த ஓடிபியைப் போட்டேன். ஒப்புக்கொள்கிறேன் என்ற கட்டத்தில் டிக் அடித்தேன். பகல் உணவுக்குள் எங்கெங்கிருந்தோ பெண் குரல்கள் என் மகளின் பெயரைச் சொல்லி என்னை "மேடம்" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டன. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. எல்லாக் கதவும் ஒரே நேரத்தில் அசைகின்றன.

ஐப்பசியில் திருநெல்வேலிப் பெண் கூப்பிட்டாள்.

"சார், நல்ல சேதி ஒண்ணு, கெட்ட சேதி ஒண்ணு. கம்பெனி ரிப்போர்ட் வந்துட்டு. எல்லாம் ஓகே. சாங்ஷன் போடுததுக்கு முன்ன ஸ்கோரத் திரும்ப எடுத்துப் பாக்கணும்லா? எடுத்தேன். நீங்க ஒரு எட்டு இங்க வாங்க."

போனேன். அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். எண் எழுநூறுக்குக் கீழே இறங்கியிருந்தது. அவர்கள் வங்கிக்கு எழுநூறுதான் வாசற்படி.

"ஒரு தவணைகூடத் தவறவில்லையே" என்றேன்.

"தவணை இல்ல சார் பிரச்சினை. இங்க பாருங்க." கீழே நீளமாக ஒரு பட்டியல். எந்தத் தேதியில் எந்த நிறுவனம் என் மகளின் கணக்கை எட்டிப் பார்த்தது என்ற விவரம். நான் ஏறிய படிகள் அத்தனையும் இருந்தன. ஏறாத சிலவும் இருந்தன. அவை இணையதளத்தின் உபயம்.

"வீட்ல யாருக்கும் உடம்பு சரியில்லையா சார்? அவசரமா துட்டு தேவையோ?" அவள் குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"அப்படியெல்லாம் ஒன்றும் இல்லையே."

"பாக்குதவங்களுக்கு அப்பிடித்தான் தெரியும். இந்தப் பொம்பள ஊரெல்லாம் கடன் கேட்டுக்கிட்டு அலையுதா, ஒருத்தனும் குடுக்கல, ஏதோ நெருக்கடின்னு. ஒவ்வொரு தடவை விண்ணப்பம் போடும்போதும் ஸ்கோர் கொஞ்சம் இறங்கும் சார். புதுசா கடன் வாங்குத ஆளுன்னா இன்னும் ஜாஸ்தி இறங்கும்."

"இது எந்த விதியில் இருக்கிறது?"

"விதின்னா..."

"மேல்முறையீடு யாரிடம்?"

சிரிப்பை அடக்கிக்கொண்டாள் என்று நினைக்கிறேன். "சார், தப்பா ஏதாவது ஏறியிருந்தா புகார் குடுக்கலாம். இதுல எதுவும் தப்பில்லையே. நீங்கதான எல்லாத்துலயும் போட்டிருக்கிய?"

பதிவில் தவறில்லை. என் வாழ்க்கையில் அதைவிட மோசமான பதில் எனக்குக் கிடைத்ததில்லை. தவறு இருந்தால் நான் மன்னன். தவறே இல்லாத இடத்தில் எனக்கு என்ன வேலை?

கடைசி ஆயுதமாக, என்னை இணை விண்ணப்பதாரராகப் போடச் சொன்னேன். நிலையான ஓய்வூதியம். யாருக்கும் ஒரு ரூபாய் பாக்கியில்லை. அவள் என் விவரங்களைத் தட்டினாள். ஒரு எண் வந்தது. நான் எட்டிப் பார்த்தேன். மைனஸ் ஒன்று.

"பூஜ்ஜியத்துக்கும் கீழேயா?"

"மார்க் இல்ல சார் அது. உங்கள யாருன்னு தெரியலன்னு அர்த்தம். நீங்க பேங்க்ல கடனே வாங்கினதில்லையோ?"

வாங்கியதில்லை. பண்டிகை முன்பணம், வருங்கால வைப்பு நிதியில் முன்பணம், எல்லாம் அரசாங்கத்திடம் வாங்கிச் சம்பளத்தில் பிடித்தம் கொடுத்தவை. அது எதுவும் அந்தக் கம்பெனிக்குத் தெரியாது. வாழ்நாள் முழுக்க எவனிடமும் கை நீட்டாத மனிதன் என்பது என் ஒரே கர்வம். அந்தக் கர்வத்துக்கு அவர்கள் வைத்த பெயர், யாரென்று தெரியாதவர். கடனாளி ஆளாகிறான். கடனில்லாதவன் ஆளே இல்லை.

"ஆறு மாசம் எங்கயும் எதுவும் போடாதிய சார். தானா ஏறிரும். ஏறினதும் இங்கயே வாங்க. ஃபைல நான் மூட மாட்டேன்" என்றாள். எழுந்தபோது, "சும்மா இருங்கன்னு அன்னிக்கே சொன்னேம்லா" என்றும் சேர்த்துக்கொண்டாள்.

ஆறு மாதம் என்றால் சித்திரை. வீட்டுக்காரரின் மகள் கல்யாணம் தையில்.

அன்று மாலை மகள் வரும்வரை ஹாலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். என் மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"எதுக்குங்க இப்பிடி நடக்கறீங்க? கால் வலிக்குதுன்னு அப்பறம் என்னத்தான் தைலம் தேய்க்கச் சொல்லுவீங்க."

விஷயத்தைச் சொன்னேன். அவள் ஒரு தண்டைக் கிள்ளி எறிந்தாள்.

"செக்போஸ்ட்ட மூடிட்டாங்க, இந்த மனுசன மூட முடியலயே" என்றாள்.

மகள் வந்தாள். முகம் கழுவினாள். சாப்பிட உட்கார்ந்ததும் சொன்னேன். பட்டியலையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. சோற்றில் கை அப்படியே நின்றது.

"மொத்தம் எத்தனை எடத்துலப்பா?"

சொன்னேன்.

"நான் கையெழுத்துப் போட்டது அஞ்சுதான், அதையும் நகல்னீங்க."

"மற்றது இணையதளத்தில், அது தானாகவே..."

"எம்பேர்லதான?"

"உனக்காகத்தானேம்மா."

"எனக்காக. சரி. எம்பேரச் சொல்லி, எனக்குத் தெரியாமயே, ஊர்ல இருக்கறவன்கிட்டயெல்லாம் கடன் கேட்டிருக்கீங்க. நான் என்னவோ கெதியத்துப் போயி நிக்கிற மாதிரி." அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். "எவனும் என்னப் பத்தி எதுவும் கேக்கக் கூடாதுன்னுதான்பா இந்த வீடு. இப்ப பாருங்க, எல்லாரும் கேட்டுட்டான்."

என் மனைவி மோரை ஊற்ற வந்தவள் அப்படியே திரும்பிப் போனாள். நான் விளக்கம் எழுதுவதில் கெட்டிக்காரன். என் பேரில் வந்த எந்த மெமோவுக்கும் பதில் இல்லாமல் இருந்ததில்லை. அன்று எனக்கு எழுத ஒன்றுமில்லை.

மறுநாள் விடிந்ததும், கெடுவை நீட்டிக் கேட்கலாம் என்று வீட்டுக்காரரைப் பார்க்கக் கெலவரப்பள்ளிக்குக் கிளம்பினேன். கையில் ஒரு வரைவு ஒப்பந்தம். ஆறு மாத நீட்டிப்பு, அதற்கு நிபந்தனைகள், இரண்டு நகல். அணையில் தண்ணீர் திறந்திருந்தார்கள். பெங்களூரின் சோப்புத் தண்ணீரெல்லாம் ஆற்றில் நுரையாகப் பொங்கி, காற்றில் பிய்ந்து முட்டைக்கோஸ் மேல் உட்கார்ந்துகொண்டிருந்தது. அவர் மோட்டார் கொட்டகை ஓரம் நின்று ஆட்களைத் திட்டிக்கொண்டிருந்தார். தாளை நீட்டினேன். வாங்கவில்லை.

"படிச்சு என்னா சார் ஆவப் போவுது? பேங்க்ல இன்னா சொன்னாங்கோ, அதச் சொல்லுங்க."

"சித்திரையில் ஆகிவிடும்."

"பொண்ணு கல்யாணம் தையில சார். பந்தல்காரன் சித்திரை வரைக்கும் நிப்பானா? கான்ட்ராக்டரு நேத்திக்குக் கூட வந்துக்கினு போனாரு. பணத்தப் பையில வெச்சிக்கினு சுத்தறாரு மனுசன்."

"நாங்கள் ஐந்து வருடமாக இருக்கிறோம். வாடகை ஒருநாள் தள்ளியதில்லை."

"அதான் உங்ககிட்ட முதல்ல கேட்டேன். இல்லன்னா கேட்டிருக்க மாட்டேன்." அவர் பேன்ட்டில் ஒட்டிய நுரையைத் தட்டிவிட்டார். பிறகு சிரித்தார். "அன்னிக்கு உங்க சாவடில என் தக்காளி வண்டிய நிறுத்திக்கினு பேப்பர் பேப்பர்னு கேட்டானுங்க. இன்னிக்கு நீங்க பேப்பர எடுத்துக்கினு என் தோட்டத்துக்கு வந்துருக்கீங்கோ. காலம் பாருங்க சார்."

அந்த வண்டியை நிறுத்தியது நான்தானா என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தை பிறக்கும்வரைதான் பொறுப்பேன், அதற்கு மேல் என்னைக் குறை சொல்லக் கூடாது என்று முடித்துவிட்டார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பினேன்.

அதன் பிறகுதான் என் தண்டனைக் காலம். சும்மா இருப்பது. எழுதுவதற்குக் கைகள் பரபரத்தன. அந்தக் கம்பெனிக்கு ஒரு மனு எழுதினேன், அனுப்பவில்லை. வங்கிகளை மேற்பார்க்கிறவர்களுக்கு ஒன்று எழுதினேன், பார்வை எண் எல்லாம் போட்டு, அதையும் அனுப்பவில்லை. அனுப்பினால் அதுவும் ஏதாவது ஒரு இடத்தில் ஏறி எண்ணைக் குறைத்துவிடுமோ என்று பயம். இந்த வயதில் ஒரு இயந்திரம் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்ற பயம் வந்தது. நாள் முழுக்க போன் அடித்தது. மகளுக்குக் கடன் இல்லை என்று சொன்ன அதே நிறுவனங்கள், "உங்களுக்காகவே முன்கூட்டியே அனுமதிக்கப்பட்ட தனிநபர் கடன்" என்று கூப்பிட்டன. ஒருத்தி என் பெயருக்கே கொடுப்பதாகச் சொன்னாள்.

"நான் மைனஸ் ஒன்று அம்மா" என்றேன்.

"பரவால்ல சார், டீட்டெயில்ஸ் மட்டும் சொல்லுங்க" என்றாள்.

மாலையில் நடக்கப் போவேன். கால் என்னவோ ஜூஜுவாடிக்குத்தான் இழுத்துக்கொண்டு போகும். சாவடி இருந்த இடத்தில் நின்று லாரிகள் நிற்காமல் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஒன்றையாவது கையைக் காட்டி நிறுத்தலாமா என்றிருக்கும். ஏழு மணிக்கு மகளின் பஸ் அந்த வழியாகத்தான் போகும். ஜன்னல் ஓரம் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் என்னைப் பார்த்துவிட்டாள். வீட்டுக்கு வந்து, "அங்க நின்னுக்கினு என்னப்பா பண்றீங்க?" என்று கேட்டாள். இருவருக்கும் இடையே அன்றைக்குப் பிறகு வந்த முதல் முழு வாக்கியம் அதுதான். "சும்மா" என்றேன். "அது பரவால்ல" என்றாள்.

மார்கழி முடியப்போகும் சமயம் வீட்டுக்காரர் வந்தார். காலி செய்யச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்துக்கொண்டே கதவைத் திறந்தேன். அவர் கையில் கல்யாணப் பத்திரிகை, தட்டில் வெற்றிலை பாக்கு, பின்னால் அவர் மனைவி.

"கண்டிப்பா வரணும் சார். பாப்பாவக் கூட்டிக்கினு வாங்க. பாப்பாதான் கல்யாணத்துக்கே தொகை குடுத்துருக்கு."

எனக்குப் புரியவில்லை. என் மகள் சமையலறை வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். நடந்தது இதுதான். பதினொரு வருடச் சம்பளத்தில் பிடித்த அவளுடைய பி.எஃப். பணத்தில் இருந்து வீடு வாங்க முன்பணம் கேட்டு, அவளே விண்ணப்பம் போட்டிருக்கிறாள். பஸ்ஸில் உட்கார்ந்து, தன் போனில், தன் எண்ணைக் கொடுத்து. ஒரே ஒரு விண்ணப்பம். பணம் வந்ததும் வீட்டுக்காரரின் மனைவியைப் போய்ப் பார்த்து, கல்யாணச் செலவுக்கு இதை வைத்துக்கொள்ளுங்கள், மீதி சித்திரையில் என்று பேசி முடித்திருக்கிறாள். விலையைக் கொஞ்சம் ஏற்றிக் கேட்டார்கள். அவளும் கொஞ்சம் ஏறினாள்.

"கான்ட்ராக்டரு மொத்தமா குடுக்கறேன்றான். எங்க வூட்டுக்காரரு அதுக்குத்தான் இருந்தாரு" என்றார் வீட்டுக்காரரின் மனைவி. "நான்தான் வேணாம்னேன். நாளைக்கு இங்க பத்துப் பேரு தண்ணியப் போட்டுக்கினு சத்தம் போட்டா, தெருவுல என்னத்தான கேப்பாங்கோ?"

வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். அவர்கள் போன பிறகு மகளிடம் கேட்டேன். "பி.எஃப். முன்பணம் எனக்குத் தெரியாதா? சொல்லியிருந்தால் படிவத்தை நானே..."

"அதான்பா சொல்லல" என்றாள். ஆனால் இந்த முறை லேசாகச் சிரித்தாள்.

சித்திரையில் திருநெல்வேலிப் பெண்ணிடம் போனோம். இருவரும்தான், ஆனால் நான் வாயைத் திறக்கக் கூடாது என்று வழியிலேயே பேசியாகிவிட்டது. எண் ஏறியிருந்தது. எழுநூறைத் தாண்டியிருந்தது, பழைய இடத்துக்குப் போகவில்லை. அதனால் கடன் உண்டு, வட்டி மட்டும் கால் சதவீதம் கூடுதல். என் முயற்சிகளுக்கு அந்தக் கம்பெனி போட்ட விலை. அது மொத்தக் காலத்துக்கும் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன், யாரிடமும் சொல்லவில்லை. மகளும் போட்டுப் பார்த்திருக்கிறாள், எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். இப்போதும் வீட்டில் நான் எதையாவது முனைந்து செய்ய எழுந்தால், என் மனைவி, "கால் பர்சென்ட், கால் பர்சென்ட்" என்று குரல் கொடுக்கிறாள்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் எனக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். சாட்சிக் கையெழுத்து. காட்டிய இடத்தில் போட்டேன். பத்திரத்தை முழுதாகப் படிக்க வேண்டும் என்று கை துடித்தது. இரண்டு பக்கம் படித்தேன், மகள் பார்த்தாள், நிறுத்திக்கொண்டேன். அவள் விரல் ரேகை வைத்து, படம் எடுத்து முடித்ததும், வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். வீட்டுக்காரர் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தார்.

கொஞ்ச நாளில் என் போனுக்கு ஒரு செய்தி வந்தது. உங்கள் கிரெடிட் ஸ்கோர் குறைந்துள்ளது. காரணம், புதிய கடன். கடன் கிடைப்பதற்காக ஆறு மாதம் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றிய எண், கடன் கிடைத்ததால் இறங்கிவிட்டது. நான் எழுந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை. மகள் வாசல் கதவுக்குப் புதுப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தாள்.

"என்னப்பா?"

"ஒன்றுமில்லை."

"காட்டுங்க."

பெயின்ட் கையோடு போனை வாங்கிப் படித்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

"எறங்கட்டும். இனிமே எனக்கு யார்கிட்ட என்ன கேக்கணும்?"

பிறகு உள்ளே போய்க் கையைத் துடைத்துவிட்டு, என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, என் போனுக்கு வந்த கடைசி ஓடிபியைக் கேட்டு வாங்கி, தொடர்பு எண்ணைத் தன் எண்ணாக மாற்றிக்கொண்டாள். இப்போது அந்தச் செய்திகளெல்லாம் பகல் முழுக்க அத்திப்பள்ளியில் அந்தத் தகரப் பெட்டிக்குள் போய் விழுந்துகொண்டிருக்கும். மாலையில் பஸ்ஸில் அவள் பார்க்கிறாளோ, பார்க்காமலே அழித்துவிடுகிறாளோ தெரியவில்லை. கேட்டால் சொல்வதில்லை.

எனக்குத்தான் இந்த மாதம் அந்த எண் எவ்வளவு என்று தெரியாமல் இருப்புக் கொள்ளவில்லை.